ஆயில் ஊறிய மண்ணுக்குப் பழைய காளான் படுக்கை

வடசென்னையில், எண்ணூருக்குப் பக்கத்தில் இருக்கும் எர்ணாவூரில் 22 வருடம் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தேன். முட்டி ஒத்துழைக்காததால் கடையை மூடிவிட்டேன். ஷெட்டுக்குப் பின்னால், மதிலை ஒட்டி ஆறடிக்கு நாலடி இடம் கறுப்பாகக் கிடந்தது. வடித்த ஆயிலை டிரம்மில்தான் பிடிப்போம். ஆனால் செயின் கழுவிய டீசல், ஃபில்டரில் மிஞ்சியது, கிரீஸ் துடைத்த பனியன் வேஸ்ட் எல்லாம் அந்த மூலைக்குத்தான் போகும். மழை பெய்தால் தண்ணீர் அந்த மண்ணின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடும், உள்ளே இறங்காது. அம்மா மதிலோரம் நட்ட முருங்கை ஒரே வருடத்தில் பட்டுப்போனது. கெடுத்தது நான், அதனால் சரிசெய்ய வேண்டியதும் நான்தான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எண்ணெய் புதிதல்ல. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. கரை ஒதுங்கிய கசடை ஆட்கள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி வேர் என்று எதையும் அது விடவில்லை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கொல்லை மூலைதான் கண்ணில் படும். ஆறு என் கைக்கு அடங்காது. 24 சதுர அடி அடங்கும்.

வழியைக் காட்டியது என் மனைவியின் காளான். மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு சிப்பிக் காளான் வளர்க்கிறாள். காளான் வித்து இட்டு அடைத்த வைக்கோல் உருளைக்குத்தான் படுக்கை என்று பெயர். மூன்று அறுவடை முடிந்த படுக்கைகளை வைக்க இடமில்லாமல் அந்தக் கறுப்பு மண் மேல் போட்டிருந்தாள். ஒரு மாதம் கழித்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், அடியில் வெள்ளை இழைகள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. இழை போன இடத்தில் மண் பொலபொலவென்று இருந்தது, டீசல் வாசமும் குறைந்திருந்தது. அன்றிலிருந்துதான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

நாம் பறித்துச் சமைக்கும் காளான் மாமரத்துக்கு மாம்பழம் போல. மரம் என்பது வைக்கோலுக்குள் ஓடும் அந்த வெள்ளை இழைகள். கட்டையையும் வைக்கோலையும் கெட்டியாக வைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். அதன் அமைப்பில் ஓர் ஒழுங்கு கிடையாது, அதனால் பெரும்பாலான உயிர்களால் அதை உடைக்க முடியாது. சிப்பிக் காளான் மாதிரியான வெள்ளை அழுகல் பூஞ்சைகளால் முடியும். அவை லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் என்ற நொதிகளை உடம்புக்கு வெளியே கசியவிட்டு லிக்னினைத் துண்டாக்குகின்றன. ரிங் ஸ்பானர் ஒரே அளவு நட்டுக்குத்தான் பொருந்தும். அட்ஜஸ்டபிள் ஸ்பானர் கிடைத்த நட்டையெல்லாம் பிடிக்கும். இந்த நொதிகள் இரண்டாவது வகை. டீசலிலும் இன்ஜின் ஆயிலிலும் இருக்கும் வளைய வடிவ ஹைட்ரோகார்பன்கள் லிக்னினின் துண்டுகளைப் போலவே இருப்பதால், அவற்றையும் பிடித்து உடைத்துவிடுகின்றன. மண்ணில் இருக்கும் பாக்டீரியா அந்தத் துண்டுகளைத் தின்று முடிக்கிறது. 1985-லேயே சயின்ஸ் இதழில் இதைப் பற்றி ஆய்வு வந்திருக்கிறது. ஃபனேரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெள்ளை அழுகல் பூஞ்சை டி.டி.டி., லிண்டேன் போன்ற நஞ்சுகளையே உடைப்பதாக அதில் காட்டினார்கள்.

இதைப் படித்த பிறகு பூஞ்சை மேல் எனக்கு இருந்த அருவருப்பு போய்விட்டது. பூஞ்சை இல்லாவிட்டால் விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும், இலைச்சருகு மலையாகக் குவியும், அதற்குள் இருக்கும் சத்து மண்ணுக்குத் திரும்பாது. கழிமுகத்தில் அலையாத்தி இலை தண்ணீரில் விழுந்ததும் அதில் முதலில் ஏறுவது பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். அவை ஊறவைத்து மென்மையாக்கியதைத்தான் நண்டும் இறாலும் தின்கின்றன. நிலத்துச் செடிகளில் பெரும்பாலானவற்றின் வேரோடு பூஞ்சை கூட்டு வைத்திருக்கிறது. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. நர்சரியில் வேர் உட்பூசணம் என்று விற்பது இந்த வகைதான். மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊரில் இடி இடித்த மறுநாள் அம்மா புற்றுக்காளான் பறித்து வருவாள். அது கறையான் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து வருவது. மரத்தைச் செரிக்க இந்த வகைக் கறையானுக்கே பூஞ்சையின் துணை வேண்டியிருக்கிறது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். இது கடைக் கொல்லை, ஜெனரேட்டர் வைத்த மூலை, கார் ஷெட் போன்ற சின்ன இடத்துக்கானது. பள்ளமாக எண்ணெய் தேங்கிய இடத்துக்கும், தொழிற்சாலைக் கழிவு கலந்த மண்ணுக்கும் இதை நம்பி இறங்காதீர்கள்.

முதலில் ஒழுகலை நிறுத்துங்கள். பழைய ஆயிலைச் சொட்டுக்கூட மண்ணில் விடாமல் டிரம்மில் பிடித்து, மறுசுத்திகரிப்பு செய்ய அனுமதி பெற்றவர்களிடம் சேர்க்க வேண்டும். மேலே தேங்கியதைச் சுரண்டி எடுத்து அதையும் தனியாக வையுங்கள். பூஞ்சை தின்னட்டும் என்று எண்ணெய்க் குட்டையில் வைக்கோலைப் போட்டால் பூஞ்சைதான் சாகும்.

அடுத்து, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தோண்டிப் பாருங்கள். எனக்கு முக்கால் அடி. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், மேலே வானவில் நிறத்தில் படலம் மிதக்கும். அது மிதக்கும் ஆழம் வரை எடுக்க வேண்டும். அப்புறம் பயறு வைத்துப் பாருங்கள். எனக்கு எல்லாவற்றையும் விட உதவியது இந்தச் சோதனைதான். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கெட்ட மண், இன்னொன்றில் நல்ல தோட்டத்து மண், இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைப்பயறு. ஒரு வாரத்தில் நல்ல மண்ணில் ஒன்பது முளைத்தது, என் மண்ணில் ஒன்று. தேதி போட்டு எழுதிவையுங்கள். பின்னால் முன்னேற்றம் இருக்கிறதா என்று கேட்டால் இந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

காலம் முக்கியம். சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வரை பிடிக்கும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியில் தொடங்கினால் மார்ச் வரை நல்ல நாட்கள். மே மாத வெயிலில் இழை வதங்கிவிடும். அக்டோபர், நவம்பரில் தொடங்கினால் இன்னும் கெடுதல், கிளறிய மண்ணிலிருந்து எண்ணெயை மழை கால்வாய்க்கு அடித்துக்கொண்டு போய்விடும்.

புதிதாகக் காளான் வித்து வாங்க வேண்டாம். அறுவடை முடிந்த படுக்கையே போதும். வைக்கோல் முழுக்க இழை ஓடி, நொதி ஊறி, வேலைக்குத் தயாராக இருக்கும். காளான் வளர்ப்பவர்களுக்கு அது குப்பை, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள்: வெள்ளையாக, பிடித்தால் கட்டியாக, மண் வாசத்தோடு இருக்க வேண்டும். பச்சை படர்ந்திருந்தால் வேண்டாம். அந்தப் பச்சை டிரைக்கோடெர்மா. வயலில் நோயை அடக்கும் அதே பூஞ்சை, காளான் படுக்கைக்குள் வந்தால் காளானை அழித்துவிடும். கறுத்து நசநசவென்று இருப்பதும் வேண்டாம். எனக்கு இருபது படுக்கை தேவைப்பட்டது.

கெட்ட மண்ணை வெட்டி எடுத்து, கூரை இருக்கும் இடத்தில் கனமான தார்ப்பாய் விரித்துக் குவித்தேன். கடையின் சிமெண்ட் தரை அதற்கு உதவியது. தார்ப்பாயின் நான்கு ஓரத்திலும் செங்கல் வைத்து உயர்த்திவிடுங்கள், கசிவது வெளியே போகாது. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். ஆயில் மண் தோலுக்கு ஆகாது, காளான் வித்துத்தூள் மூச்சுக்கு ஆகாது. ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

மண் கட்டிகளை உடைத்துவிட்டு, இரண்டு பாண்டு மண்ணுக்கு ஒரு பாண்டு படுக்கை என்று அடுக்கினேன். படுக்கையைத் தூளாக்கக் கூடாது. உள்ளங்கை அளவுத் துண்டுகளாகப் பிய்த்தால் போதும், துண்டு பெரிதாக இருந்தால் இழைக்குத் தாக்குப்பிடிக்கும் பலம் இருக்கும். அடியில் ஒரு வரிசை படுக்கை, மேல் மண், மறுபடி படுக்கை என்று போய், கடைசி வரிசை படுக்கையாக இருக்கட்டும். இடையில் ஒரு கைப்பிடி புது வைக்கோலும் தூவினேன், முக்கால் மணி நேரம் வேகவைத்து ஆறவைத்தது. எண்ணெயை மட்டும் தின்று பூஞ்சை வாழாது, அதற்கு அதன் சாப்பாடும் வேண்டும். குவியல் ஒன்றேகால் அடிக்கு மேல் உயரக் கூடாது. இந்த நொதிகள் வேலை செய்யக் காற்று வேண்டும், உயரமாகக் குவித்தால் நடுவில் மூச்சு முட்டிவிடும்.

ஈரத்துக்கு ஒரே கணக்குதான். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, அதை ஊற்றாதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் மிக நல்லது. மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் போக ஒரு ராத்திரி திறந்த வாளியில் வையுங்கள். நனைத்த கோணியால் மூடி, தினமும் காலையில் கோணி மேல் தெளித்தால் போதும். ப்ளீச்சிங் பவுடர், பினாயில், சோப்புத் தண்ணீர் எதுவும் அண்டக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்லெண்ணத்தில், நாறுகிறதே என்று ஒரு மூலையில் பினாயில் தெளித்துவிட்டார். அந்த மூலையில் கடைசி வரை இழை ஏறவில்லை.

முதல் ஒரு மாதம் கிளறாதீர்கள், ஓடும் இழை அறுந்துவிடும். மூக்கை மட்டும் நம்புங்கள். மழை பெய்த தோட்டத்து வாசம் வந்தால் சரியாகப் போகிறது. அழுகிய முட்டை வாசம் வந்தால் தண்ணீர் அதிகம், காற்றுப் போதவில்லை. ஒரு கம்பியால் அங்கங்கே துளை போட்டு இரண்டு நாள் நீர் தெளிக்காமல் விடுங்கள். கோணியைத் தூக்கும்போது குச்சியால் தூக்குங்கள், பூரான் இருக்கும்.

மூன்றாவது வாரம் என் குவியலின் ஓரத்தில் நான்கைந்து காளான்கள் பூத்தன. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒன்றைக்கூட வாயில் வைக்கக் கூடாது. காளான், மண்ணில் இருக்கும் உலோகங்களை உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். ஆடு, மாடு, கோழி நெருங்காமல் தட்டி கட்டுங்கள். குழந்தைகளிடம் காரணம் சொல்லிப் புரியவையுங்கள். பூத்ததைப் பறித்துத் தனியே பையில் கட்டி வைத்தேன், உரக்குழியில் போடவில்லை.

ஐந்தாவது வாரம் குவியலைப் புரட்டி, இன்னும் எட்டுப் படுக்கை சேர்த்து மறுபடி மூடினேன். ஏப்ரலில் வெயில் ஏறியதும் இழை ஓய்ந்துவிட்டது. ஈரத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தேன், பூஞ்சை உடைத்துப்போட்டதைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அது வேண்டும். நான்காம் மாத முடிவில் பயறு வைத்தேன்: பத்துக்கு ஏழு. பாட்டில் சோதனையில் வானவில் மெல்லிய கோடாகத்தான் இருந்தது. மண் கறுப்பிலிருந்து காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது, தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்கியது. அன்று அந்த ஈரம் இறங்குவதைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பயறு முளைத்துவிட்டது என்பதற்காகக் கீரை விதைத்துவிடாதீர்கள். பழைய இன்ஜின் ஆயிலில் துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கும். ஹைட்ரோகார்பனை உடைக்கலாம். உலோகத்தை எந்தப் பூஞ்சையாலும் உடைத்து இல்லாமலாக்க முடியாது, அது மண்ணிலேயே நிற்கும். மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து எண்ணெய்க்கும் கன உலோகத்துக்கும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த முடிவு வரும்வரை சாப்பிடும் செடி எதுவும் அங்கே வேண்டாம். கிணறோ கைப்பம்போ பக்கத்தில் இருந்தால் அந்தத் தண்ணீரையும் சோதியுங்கள். மண்ணை வேறு இடத்துக்குத் தூக்கிப்போடாமல் எடுத்த குழியிலேயே திரும்பப் போட்டு, மேலே அரை அடி நல்ல மண் பரப்பினேன்.

முருங்கை நின்ற இடத்தில் இப்போது செம்பருத்தி நிற்கிறது. வேர் உட்பூசணம் ஒரு கைப்பிடி போட்டு நட்டேன், ஆடியில் மொட்டு விட்டது. பூவைப் பறிப்பதில்லை. மதிலின் அடியில், மண்வெட்டி நுழையாத இடத்தில் இன்னும் ஒரு முழம் கறுப்பாகவே இருக்கிறது. அதற்கென்று ஆறு படுக்கையை மனைவி மாடியில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். மழை நின்றதும் கடப்பாரை எடுக்க வேண்டும்.