போர்ப் படத்துக்கு விமர்சனம் எழுதும்போது

“நேரில பாத்த மாதிரியே இருந்தது” என்ற வரியோடு நிறுத்தினால் விமர்சனம் இன்னும் தொடங்கவில்லை. எதனால் அப்படி இருந்தது என்பதைத் தேடி எழுதுவதே வேலை.

படத்தை இரண்டு தரம் பாருங்கள். முதல் தரம் கொப்பியைத் திறக்கவேண்டாம். இரண்டாம் தரம் ஒரேயொரு சண்டைக் காட்சியை எடுத்து, கமரா எந்த உயரத்தில், யாருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று குறியுங்கள். 1998இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ கடற்கரைக் காட்சியில் ஷட்டர் கோணத்தை (ஒவ்வொரு சட்டகத்திலும் எவ்வளவு நேரம் ஒளி விழும் என்பதைத் தீர்மானிக்கும் கமரா அளவு) வழமையான 180 பாகையிலிருந்து 90, 45 என்று குறைத்தார்கள். செக்கனுக்கு 24 சட்டகம் ஓடும்போது 180 பாகையில் ஒவ்வொன்றிலும் 1/48 செக்கன் ஒளி விழும். 45 பாகையில் 1/192 மட்டுமே. அசைவின் மங்கல் போய், தெறிக்கும் மண் துணிக்கை துணிக்கையாகத் தெரியும். பார்ப்பவர் ‘உண்மை’ என்று உணர்வதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

அடுத்தது சத்தம். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் வெடித்தால், வெளிச்சம் தெரிந்து மூன்று செக்கனுக்குப் பிறகே காதுக்கு எட்டும். பல படங்களில் இரண்டும் ஒன்றாகவே வரும். இதைச் சின்ன விடயம் என்று தள்ளிவிடாதீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் உங்கள் விமர்சனத்தை வாசிப்பவர், ஷெல் குத்தும் சத்தம் கேட்டு அது விழும்வரை எண்ணிக்கொண்டு பங்கருக்குள் இருந்தவராக இருக்கலாம்.

எங்கள் இலங்கைப் போரைப் பற்றிய படமென்றால் தமிழைக் கவனியுங்கள். கிளிநொச்சித் தாய் சென்னைப் பட வசனம் பேசினால், உடுப்பும் துவக்கும் எவ்வளவு சரியாக இருந்தும் அந்தப் பாத்திரம் நிற்காது. “மொழி செயற்கை” என்று பொதுவாக எழுதாமல், சறுக்கிய வசனத்தை அப்படியே எடுத்துப் போடுங்கள். சிங்கள வசனத்துக்குக் கீழே ஓடும் மொழிபெயர்ப்பில் விடுபட்ட சொல்லையும் சுட்டுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகு.

யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறுமனே விழுந்து சாகிறார்கள் என்றும் எண்ணுங்கள்.

சண்டை இல்லாவிட்டால் யதார்த்தம் குறைவு என்று தீர்ப்பு எழுதவேண்டாம். பிரசன்ன விதானகேயின் சிங்களப் படமான ‘புரஹந்த களுவர’ (1997), படையில் இருந்த மகனுடையது என்று வந்த முத்திரையிட்ட சவப்பெட்டியை நம்ப மறுக்கும் பார்வையற்ற தகப்பனின் கதை. 2000இல் அதைத் தடைசெய்தார்கள். 2001இல் உயர் நீதிமன்றம்தான் வழிவிட்டது.

600 சொல் எழுதினால் கதைச் சுருக்கத்துக்கு 100 போதும். சித்திரவதை, குழந்தை மரணம் போன்ற காட்சிகள் இருந்தால் முதல் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால், டிக்கற் எடுத்துப் போனவருக்கு அது உதவாது.