வரலாற்று அருங்காட்சியகத்தில் கோடைக்கால ஆய்வு உதவியாளர் ஆவது எப்படி?

வரலாறு, தொல்லியல், மானிடவியல், நூலக அறிவியல் ஆகிய துறைகளில் முதுநிலைப் பட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ படிக்கும் மாணவர்களைக் கோடை விடுமுறையில் சில வாரங்களுக்கு ஆய்வு உதவியாளர்களாக அமர்த்திக்கொள்ளும் வழக்கம் பெரிய வரலாற்று அருங்காட்சியகங்கள் பலவற்றில் உண்டு. இந்தப் பணியும் ஆய்வு நல்கையும் (fellowship) ஒன்றல்ல என்பதை விண்ணப்பிக்கும் முன்பே புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கு வழங்கும் பத்து வார நல்கையில், மாணவர் தாமே வகுத்த ஆய்வுத் திட்டத்துக்கு அங்குள்ள சேகரிப்பைப் பயன்படுத்திக்கொள்கிறார். உதவியாளர் பணியிலோ கேள்வியை எழுப்புவது அருங்காட்சியகம். அதற்கு விடை தேடுவதுதான் மாணவரின் வேலை. தம் ஆய்வேட்டைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதி அனுப்பும் திறமையான மாணவர்கள் பின்தங்கிப்போவதற்கு இந்த வேறுபாட்டைக் கவனிக்காததே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

அருங்காட்சியகத்துக்கு இந்த உதவி ஏன் தேவைப்படுகிறது என்பதை அறிந்தால் விண்ணப்பத்தின் தொனி தானாகவே மாறும். சேகரிப்பில் உள்ள பொருள்களில் மிகச் சிறு பகுதியே காட்சிக்கு வருகிறது. எஞ்சியவை சேமிப்பறைகளில், பல சமயம் ஒற்றை வரி விவரத்தோடு இருக்கின்றன. நாஜிகள் பறித்த கலைப்பொருள்களை அடையாளம் காண்பது குறித்த வாஷிங்டன் கோட்பாடுகள் 1998இல் ஏற்கப்பட்டன. அமெரிக்கப் பழங்குடியினரின் மூதாதையர் எச்சங்களையும் புனிதப் பொருள்களையும் பட்டியலிட்டுத் திருப்பித் தரக் கோரும் சட்டம் அந்நாட்டில் 1990இல் இயற்றப்பட்டது. இவற்றுக்குப் பிறகு ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்பதை ஆராய்வது அருங்காட்சியகங்களின் கடமைகளில் ஒன்றாகிவிட்டது. இவற்றோடு, வரவிருக்கும் காட்சிக்குச் சான்றுகள் திரட்டுவது, வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை எழுத்தாக்குவது, பழைய அட்டைக் குறிப்புகளைக் கணினித் தரவுத்தளத்துக்கு மாற்றும்போது சரிபார்ப்பது ஆகியவையும் உதவியாளரிடம் வரும்.

கோடையில் தொடங்கும் பணிக்கான அறிவிப்பு பெரும்பாலும் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே வெளியாகிவிடும். ஆகவே கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தேட வேண்டும். வேலைவாய்ப்புப் பகுதியை மட்டும் பார்த்தால் போதாது, ஆய்வு மையம், ஆவணக் காப்பகம், கல்விப் பிரிவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மொழியறிவை இங்கே குறைத்து மதிப்பிடக் கூடாது. 1993இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் யூதப் பேரழிவு நினைவு அருங்காட்சியகத்தை எடுத்துக்கொண்டால், ஜெர்மன், போலிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ், ரஷ்யன் முதலிய பல மொழி ஆவணங்கள் அங்கு உள்ளன. இத்தகைய இடங்களில், கையெழுத்தில் உள்ள பழைய கடிதத்தைப் படிக்கத் தெரிந்த மாணவர் உயர்ந்த மதிப்பெண் மட்டும் பெற்றவரைவிடப் பயனுள்ளவர். எந்த மொழியை எந்த அளவுக்குப் படிக்க இயலும், அச்செழுத்து மட்டுமா, கையெழுத்தும் படிக்க வருமா என்று விண்ணப்பத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

விண்ணப்பக் கடிதம் எழுதும் முன் அந்த அருங்காட்சியகத்தின் இணையவழிப் பட்டியலில் ஒரு நாள் முழுவதையும் செலவிடுங்கள். அறிவிப்பில் சொல்லப்பட்ட திட்டத்தோடு தொடர்புடைய இரண்டு மூன்று பொருள்களையோ ஆவணத் தொகுதிகளையோ கண்டுபிடித்து, அவற்றின் விவரக் குறிப்பில் எது உள்ளது, எது இல்லை என்று பாருங்கள். பிறகு கடிதத்தில், “உங்கள் சேகரிப்பில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு” என்பதற்குப் பதிலாக, இந்தத் தொகுதியில் உள்ள கடிதங்களுக்குத் தேதி இல்லை, அஞ்சல் முத்திரையையும் உறையில் உள்ள முகவரியையும் கொண்டு அவற்றை வரிசைப்படுத்த முடியும் என்பது போன்ற ஒரு கருத்தை எழுதுங்கள். அது பிழையாக இருந்தாலும் குற்றமில்லை. நீங்கள் சிந்திக்கும் முறை, சேகரிப்பைப் பொறுப்பேற்றுள்ள காப்பாட்சியருக்குத் தெரிந்துவிடுகிறது. கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு பத்தி போதும்.

பரிந்துரைக் கடிதத்தை, உங்களை ஆவணங்களோடு வேலை செய்யக் கண்ட ஆசிரியரிடமே கேளுங்கள். பெயர்பெற்ற பேராசிரியரின் பொதுவான நான்கு வரிகளைவிட அது வலுவானது. தன்விவரக் குறிப்பில் கணினித் தரவுத்தளம், விரிதாள், மின்னுருவாக்கம் ஆகியவற்றில் உள்ள பயிற்சியைச் சேருங்கள்.

பணத்தையும் விசாவையும் பற்றிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். தொகை தங்குமிடத்தையும் பயணத்தையும் உள்ளடக்கியதா, எப்போது கையில் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர்கள் வளாகத்துக்கு வெளியே பயிற்சிப் பணியில் சேரும் முன்பு உரிய அனுமதியைப் பெற்றாக வேண்டும் என்பதால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை முன்கூட்டியே அணுக வேண்டும்.

பணியில் சேர்ந்த பிறகு, பொருளின் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொள்வதே முதல் பாடம். ஒரு தோல் பயணப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். கோப்பில் நன்கொடையாளரின் கடிதம், பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, தட்டச்சு செய்த பழைய அட்டை, எப்போதோ நடந்த காட்சியின் விளக்கப் பலகை வாசகம் ஆகியவை இருக்கும். கடிதத்தில், “தாத்தா அகதியாக வந்தபோது கொண்டுவந்தது என்று அம்மா சொல்வார்” என்று இருக்கும். அட்டையில் அது “அகதி கொண்டுவந்தது” என்று சுருங்கியிருக்கும். விளக்கப் பலகையிலோ ஆண்டும் துறைமுகமும்கூடச் சேர்ந்திருக்கும். மூன்று சான்றுகள் போலத் தோன்றினாலும் உண்மையில் இருப்பது ஒன்றே, அதுவும் செவிவழிச் செய்தி. இனி பெட்டியையே பார்க்க வேண்டும்: பூட்டில் பொறித்த தயாரிப்பாளர் பெயர், அடிப்பக்கத்தில் பாதி கிழிந்த கப்பல் நிறுவனச் சீட்டு, உள்துணியில் மையால் எழுதிய முதலெழுத்துகள். அந்தச் சீட்டிலிருந்து பயணியர் பட்டியலுக்குச் சென்று பெயரைத் தேடும்போதுதான் குடும்பக் கதை உறுதிப்படுகிறதா, திருத்தம் பெறுகிறதா என்பது தெரியும். பொருளை முதலில் வருணித்து, அதன்பின் உய்த்துணர்ந்து, கடைசியில்தான் ஊகிக்க வேண்டும் என்று கலை வரலாற்றாசிரியர் ஜூல்ஸ் பிரவுன் (Prown) 1982இல் வகுத்துச் சொன்ன வரிசை இவ்வகைப் பணிக்கு இன்றும் பொருந்துகிறது.

கையாளும் விதிகளை அந்தந்த நிறுவனமே கற்றுத்தரும். பொதுவாகப் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டுமே. நிழற்படங்களுக்கும் உலோகத்துக்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. காகிதத்துக்குப் பெரும்பாலும் கழுவி உலர்த்திய வெறுங்கையே போதும், ஏனெனில் கையுறை அணிந்த விரலுக்குத் தாளின் ஓரம் புலப்படாமல் கிழிந்துவிடும். துணியையும் காகிதத்தையும் காட்சியில் வைக்கும்போது ஒளியை 50 லக்ஸ் (பொருளின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவது வழக்கம்.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு செய்திக்கும் அருகிலேயே ஆவணப்பெட்டி எண், கோப்பு எண், பொருளின் பதிவு எண், பார்த்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். தேடியும் கிடைக்காதவற்றையும் பதிவு செய்யுங்கள். எந்தப் பட்டியலில் எந்தப் பெயர் இல்லை என்று நீங்கள் எழுதிவைத்தால், அடுத்து வருபவர் அதே பட்டியலில் ஒரு வாரத்தை இழக்க வேண்டியதில்லை. உறுதியானது, சாத்தியமானது, குடும்பத்தார் கூற்று என்று மூன்றையும் பிரித்தே எழுத வேண்டும்.

கடைசி வாரத்தைப் புதிய தேடலுக்கு ஒதுக்காமல், கோப்புகளை ஒழுங்குபடுத்தி ஒப்படைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கண்டவற்றை உங்கள் ஆய்வேட்டிலோ கட்டுரையிலோ பயன்படுத்தலாமா, படங்களுக்கு யாருடைய அனுமதி வேண்டும், காட்சியிலோ நூலிலோ உங்கள் பெயர் எவ்வாறு இடம்பெறும் என்பவற்றைக் காப்பாட்சியரிடம் நேரில் பேசி, அன்றே ஒரு மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.