டிசம்பர் விடுமுறையில் எவர்கிளேட்ஸ்: சிங்கப்பூரிலிருந்து கூடாரத்தோடு போகிறவர்களுக்கு

எவர்கிளேட்ஸில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர் மட்டம்தான். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தென்கோடியில் 1947ல் திறக்கப்பட்ட இந்தத் தேசியப் பூங்கா ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கர், அதாவது சிங்கப்பூரைப் போல் எட்டு மடங்கு. உள்ளே பெரும்பாலும் கோரைப்புல்லும் அதனூடே மெல்ல நகரும் ஆழமில்லாத நீரும்தான். மழைக்காலத்தில் நீர் எங்கும் பரவிக் கிடப்பதால் விலங்குகளும் சிதறிப் போகும், கொசு மட்டும் கூட்டமாக வரும். டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை நீர் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் குட்டைகளில் முதலை, நாரை, பாம்புத்தாரா எல்லாம் ஒன்றுகூடும்.

ஜூன் பள்ளி விடுமுறையை ஆகவே மறந்துவிடுங்கள். சூறாவளிப் பருவம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கும். 32 டிகிரி வெயிலும் மாலை இடிமழையும் நமக்குப் புதிதில்லைதான், ஆனால் அங்குள்ள கொசுவை நம் ஈசூன் வட்டாரக் கொசுவோடு ஒப்பிட முடியாது. பூங்காவுக்குள் இருக்கும் லாங் பைன் கீ முகாம் அந்த மாதங்களில் மூடியே இருக்கும். விலங்கு பார்க்கச் சிறந்தது பிப்ரவரி, மார்ச். பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு டிசம்பரின் பிற்பாதிதான் வாய்க்கும், அதுவும் மோசமில்லை.

பயண ஆவணங்களில் குடும்பத்துக்குள்ளேயே வேறுபாடு வரலாம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை. எஸ்டா எனப்படும் இணைய அனுமதி போதும். நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்திய, மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். நேர்காணல் நாள் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் அவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்க வேண்டும், விமானச்சீட்டு அதற்குப் பிறகு. செலவிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. வாகனத்துக்கு ஏழு நாளுக்கு 35 அமெரிக்க டாலர் மட்டும் என்பது பழைய கணக்கு. 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் எவர்கிளேட்ஸ் உட்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டை 250 டாலர். பெரியவர்கள் மூவர் நால்வர் போவதானால், அட்டையின் விதிகளைப் படித்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

பலரும் தடுமாறுவது நுழைவாயிலில். மூன்று முக்கிய வாயில்கள் உண்டு. உள்ளே அவற்றை இணைக்கும் சாலை கிடையாது. மயாமியிலிருந்து மேற்கே உள்ள ஷார்க் வேலியில் சைக்கிள் பாதையும் பார்வைக் கோபுரமும் இருக்கின்றன, கூடாரம் போட இடமில்லை. வண்டியோடு போய்த் தங்கும் இரு முகாம்களுக்கும் ஹோம்ஸ்டெட் வாயில்தான் வழி. வாயிலிலிருந்து 11 கிலோமீட்டரில் லாங் பைன் கீ, 61 கிலோமீட்டரில் சாலை முடியும் இடத்தில் ஃபிளமிங்கோ. டிசம்பர் இறுதி வார இடங்கள் சீக்கிரம் போய்விடும், பூங்காவின் அதிகாரபூர்வ இணையத்தளம் வழியாகவே பதிவு செய்யுங்கள். ஹோம்ஸ்டெட் அல்லது புளோரிடா சிட்டியிலேயே பெட்ரோலை நிரப்பி, மளிகையும் முடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

இரண்டில் எது? முதல்முறை போகிறவர்களுக்கு லாங் பைன் கீ. பைன் மர நிழல் உண்டு, கொசு ஒப்பளவில் குறைவு, முதலைகள் நெருக்கமாகத் தெரியும் அன்ஹிங்கா நடைபாதையும் அருகில். தரை மட்டும் சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண். கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் வளைந்துவிடும். தடித்த எஃகு முளைகளும் ஒரு சுத்தியலும் வேண்டும். ஃபிளமிங்கோவில் கடல்காற்று, சூரிய அஸ்தமனம், படகுத்துறையில் உப்புநீரில் வாழும் அமெரிக்க முதலை என்று காட்சி அதிகம். அமெரிக்க முதலையும் அகன்ற மூக்குள்ள நன்னீர் முதலையான அலிகேட்டரும் இயற்கையில் சேர்ந்து வாழ்வது இந்தத் தென்புளோரிடாப் பக்கத்தில் மட்டுமே. காற்று விழுந்த மாலைகளில் கொசு அங்கே டிசம்பரிலும் விடாது.

கொசுவைவிடச் சிறியது நோ-சீ-அம் என்ற பூச்சி. நம் கடற்கரைகளில் கடிக்கும் ‘அகாஸ்’ போன்றது, சாதாரண கூடார வலையில் நுழைந்து வந்துவிடும். வாங்கும்போதே மிக நுண்ணிய வலையா என்று பாருங்கள். பூச்சி விரட்டியில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் 20 முதல் 30 விழுக்காடு இருந்தால் போதும். வெளிர்நிற முழுக்கை, முழுக்கால் உடைகள் அதைவிடப் பயன்படும்.

குளிரைத்தான் சிங்கப்பூர்க்காரர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். உலர்பருவத்தில் பகல் சராசரி 25 டிகிரி, இரவு 12. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் இன்னும் கீழே போகும். ஆளுக்கொரு போர்வை போதாது. 5 டிகிரி தாங்கும் தூக்கப்பை, தரைக்குளிரைத் தடுக்கும் மெத்தை, ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை வேண்டும். இருட்டும் சீக்கிரம். நமக்கு ஏழு மணிக்கு மறையும் சூரியன் அங்கே ஐந்தரை மணிவாக்கில் மறைந்துவிடும். நான்கு மணிக்குள் கூடாரம் எழும்பி, ஐந்துக்குள் சமையல் முடிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு மூட்டையைத் தேக்காச் சந்தையில் கட்டுகிறவர்கள் கவனிக்க: பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துப் போகாதீர்கள். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பூச்சி அதில் தங்கும் என்பதால் அமெரிக்கச் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். பக்வா எனும் வாட்டிய இறைச்சி, கோழிச் சம்பல், புதுப் பழங்களும் கூடாது. ரசப்பொடி, மிளகாய்த்தூள், முறுக்கு, புளிக்காய்ச்சல் பரவாயில்லை, எதுவானாலும் படிவத்தில் சொல்லிவிடுங்கள். அரிசியை அங்கேயே வாங்குவது நல்லது. அடுப்பு எரிவாயுக் குப்பியை எந்த விமானத்திலும் ஏற்ற முடியாது. அடுப்பையே கொண்டுபோனாலும் வாயு மிச்சமோ வாடையோ இல்லாமல் சுத்தமாக இருக்கவேண்டும்.

சமைத்த பாத்திரமும் மிச்ச உணவும் இரவில் வண்டிக்குள் இருக்கட்டும், கூடாரத்துக்குள் வேண்டாம். ரக்கூன்கள் வாசனையை விடாது; உப்புநீர்ப் பகுதிகளில் குடிநீருக்காகவே மெல்லிய பிளாஸ்டிக் குடுவைகளைக் கடித்துத் திறக்கும். பகலில் பிணந்தின்னிக் கழுகுகளின் முறை. அன்ஹிங்கா நடைபாதை வண்டி நிறுத்துமிடத்தில் அவை கண்ணாடித் துடைப்பான் ரப்பரையும் கதவு ரப்பரையும் கொத்தித் தின்னும். வண்டியை மூட அங்கேயே தார்ப்பாய் வைத்திருக்கிறார்கள். எடுத்துக் கட்டிவிட்டுப் போங்கள், வாடகை வண்டியின் பழுதுக்குப் பணம் கட்டுவது நீங்கள்தான். முதலையிடமிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். நீரோரத்தில் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கயாக்கில் பழக்கமுள்ளவர்கள் ஓரிரவு ‘சிக்கி’யில் தங்கலாம். சதுப்புநிலக் காட்டுக்குள் நீரின்மேல் கால்நட்டு நிற்கும் கூரையிட்ட மரமேடை அது, ஏறக்குறைய 3 மீட்டருக்கு 3.6 மீட்டர். முளை அடிக்கவோ ஆணி வைக்கவோ அனுமதியில்லை. அதனால் தானே நிற்கும் கூடாரமாக இருக்க வேண்டும், காற்றுக்குக் கயிற்றைத் தூணில் கட்டிக்கொள்ளலாம். விறகுத் தீ கூடாது, எரிவாயு அடுப்பு மட்டுமே. காட்டுப்பகுதித் தங்கலுக்குத் தனி அனுமதிச்சீட்டும் தேவை. குடிநீர் அங்கே சொட்டும் கிடைக்காது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். நான்கு பேர் இரண்டு இரவு தங்கினால், மூன்றாம் நாளையும் சேர்த்து 48 லிட்டர், அதாவது 48 கிலோ. படகின் கொள்ளளவை இதை வைத்தே முடிவு செய்யுங்கள். தண்ணீர்க் கலன் கனமான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள், கைப்பேசிச் சமிக்ஞை இருக்காது. பலத்த வடகாற்று வீசினால் புளோரிடா விரிகுடாவின் நீர் வெளியே தள்ளப்பட்டுப் படகு சேற்றில் தட்டும். அப்படி முன்னறிவிப்பு இருந்தால் சிக்கி இரவைத் தள்ளிவைத்துவிட்டு லாங் பைன் கீயிலேயே இருந்துவிடுங்கள்.

ஒதுங்கும் இடத்தில் மரத்தைத் தொடுமுன் பட்டையைப் பாருங்கள். ஆரஞ்சு நிறப் பட்டையில் கறுத்த பால் வடிந்த தழும்பு இருந்தால் அது பாய்சன்வுட், நம் சேங்கொட்டையின் குடும்பம். பால் பட்ட தோல் கொப்புளிக்கும். மழையில் அதனடியில் ஒதுங்கவும் வேண்டாம். பட்டுவிட்டால் உடனே சோப்பும் நீருமாகக் கழுவி, உடையையும் தனியே பையில் போட்டுவிடுங்கள்.