குளிர்கால மதியம் ஒன்று, கைவேலை மூன்று: ஆரஞ்சு மாலை, அரிசிப் பை, கேரட் சூப்

குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடுகிறது. வெளியே போக மனம் வராத விடுமுறை மதியங்களில் செய்வதற்கு மூன்று வேலைகளைச் சொல்கிறேன். ஊசியைக் கையில் பிடித்தே பழக்கமில்லாதவர்களும் செய்யலாம். ஆரஞ்சுத் துண்டுகளை உலர்த்தி ஜன்னலுக்கு ஒரு மாலை. கழுத்துக்கும் பாதத்துக்கும் ஒத்தடம் கொடுக்க ஒரு அரிசிப் பை. இரவுக்கு ஒரு கேரட் சூப்.

மூன்றையும் ஒரே மதியத்தில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆரஞ்சு ஓவனுக்குள் நான்கு மணி நேரம் கிடக்க வேண்டும். அதற்குள் பையைத் தைத்துவிடலாம். புதிதாகத் தைப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சூப்புக்கு முக்கால் மணி நேரம் போதும். மாலைக்கு ஆகாத ஆரஞ்சு முனைகளும் சூப்புக்குள் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. மூன்று வேலையிலும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஈரத்தைத்தான். ஆரஞ்சிலிருந்து அதை முழுக்க விரட்ட வேண்டும். அரிசிக்குள் கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும். சூப்பில் காய் தன் தண்ணீரைத் தானே வெளியேற்றும்படி விட்டுவிட வேண்டும். இது மனதில் பதிந்துவிட்டால் அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் வேலை கெடாது.

முதலில் ஆரஞ்சை ஓவனில் ஏற்றுங்கள்

நடுத்தர அளவில் நான்கு ஆரஞ்சு வாங்குங்கள். மூன்று மாலைக்கு, ஒன்று சூப்புக்கு. தோல் சுளையோடு இறுக ஒட்டியிருக்கும் வகைதான் வேண்டும். தோல் தளர்ந்து எளிதில் உரியும் வகையை நறுக்கினால் தோல் ஒரு பக்கமும் சுளை ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

பழத்தைக் கழுவித் துடைத்து, இரண்டு முனைகளையும் வெட்டித் தனியாக எடுத்து வையுங்கள். மீதியைக் குறுக்குவாட்டில் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு வட்டமாக நறுக்குங்கள். மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் துண்டு சுருண்டு, ஓரம் கருகிவிடும். 1 சென்டிமீட்டர் வைத்தால் உள்ளே காயவே காயாது. எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருப்பதுதான் முக்கியம். இல்லையென்றால் ஒன்று கருகும்போது இன்னொன்று பச்சையாகவே கிடக்கும். கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தி வெட்டுவதற்குப் பதில் அமுக்கும், சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

நறுக்கிய துண்டுகளைச் சுத்தமான துண்டுத் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். நிறையப் பேர் விட்டுவிடும் படி இது. ஆரஞ்சில் 100-க்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தான். துணி உறிஞ்சும் ஒவ்வொரு சொட்டும் ஓவனில் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

ஓவனை 100 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உள்ளே காற்றாடி சுழலும் வகை என்றால் 90 போதும். தட்டின் மேல் கம்பி வலையை வைத்து, அதன் மேல் துண்டுகளை ஒன்றோடொன்று படாமல் அடுக்குங்கள். வலை இருந்தால் அடிப்பக்கமும் காற்றுப்படும். வலை இல்லாவிட்டால் பேக்கிங் தாளில் வைக்கலாம், ஆனால் அடிக்கடி திருப்ப வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை ஓவன் கதவை ஒரு நிமிடம் திறந்து உள்ளே கட்டியிருக்கும் ஆவியை வெளியே விடுங்கள்.

அவசரப்பட்டு 150 டிகிரிக்கு ஏற்ற வேண்டாம். பழத்தின் சர்க்கரை பழுப்பாகிவிடும், மேற்பரப்பு இறுகி உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும், நான்கு நாள் கழித்துப் பூஞ்சை பிடிக்கும். என் முதல் மாலை இப்படித்தான் போனது. அழகாக இருக்கிறதே என்று அன்றிரவே கோத்துத் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் நடுவில் வெள்ளைப் பூஞ்சை.

ஓவன் இல்லாமல் ஏர் ஃப்ரையர் இருந்தால், 80 அல்லது 90 டிகிரி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதிலும் செய்யலாம். துண்டுகள் காயக் காய இலேசாகி உள்ளே பறக்கும். மேலே ஒரு சின்னக் கம்பி வலையைக் கவிழ்த்து வையுங்கள்.

சரி, துண்டுகளைத் திருப்ப முக்கால் மணிக்கு ஒரு முறை அலாரம் வைத்துவிட்டுத் தைக்க உட்காரலாம். குனிந்து தைக்கிற கழுத்துக்கும் அது நல்ல இடைவேளை.

அரிசிப் பை

துணியில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தப் பையை மைக்ரோவேவில் சூடாக்கப் போகிறோம், அதனால் துணியும் நூலும் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பழைய படுக்கை விரிப்பு, போடாத பருத்திச் சட்டை இரண்டும் நன்றாக வரும். பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, தண்ணீர்த் தொட்டி மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ஜரிகை, உலோகப் பொத்தான், ஜிப் எதுவும் வேண்டாம். புதுத் துணி என்றால் ஒரு முறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள்.

26 சென்டிமீட்டர் அகலம், 27 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி அகலத்தை இரண்டாக மடித்தால் 13-க்கு 27 என்று நீளவாட்டில் ஒரு மடிப்பு கிடைக்கும். ஒரு நீளப் பக்கம் மடிப்பிலேயே மூடிவிட்டதால், தைக்க வேண்டியது மற்ற மூன்று பக்கம்தான். ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு குட்டைப் பக்கத்தின் நடுவில் 5 சென்டிமீட்டரை மட்டும் குறித்து வையுங்கள். அரிசி போட அந்த வாய் திறந்திருக்க வேண்டும். தைத்து முடித்ததும் பை 12-க்கு 25 சென்டிமீட்டர் இருக்கும். பின்கழுத்தில் சரியாக உட்காருகிற அளவு.

நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். நீள நூல் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று தோன்றும், ஆனால் பத்துத் தையலுக்கு ஒரு முறை சிக்கு விழும். நூலை இரட்டையாக்கி முனையில் முடிச்சிடுங்கள்.

சாதாரண ஓட்டுத் தையல் இதற்குப் போதாது, இடைவெளிகளில் அரிசி நழுவும். பேக் ஸ்டிச் என்கிற கெட்டித் தையல் போடுங்கள். ஊசியைக் கோட்டின் மேல் வெளியே எடுத்து, 3 மில்லிமீட்டர் பின்னால் குத்தி இறக்குங்கள். துணியின் அடியில் 6 மில்லிமீட்டர் முன்னே போய் மறுபடி மேலே எடுங்கள். இப்போது பின்னால் குத்தும்போது, முந்தைய தையல் எந்த ஓட்டையில் முடிந்ததோ அதே ஓட்டையில் ஊசி இறங்க வேண்டும். இவ்வளவுதான். முதல் பத்துத் தையல் கோணலாகத்தான் வரும். அப்புறம் கை தானே அளவைப் பிடித்துக்கொள்ளும். பிரித்துப் பிரித்துத் தைக்காதீர்கள். இந்தப் பக்கம் உள்ளே போய்விடும், இறுக்கமாக இருந்தால் போதும்.

வாயின் இரண்டு ஓரங்களிலும் மூன்று தையலை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உறுதிப்படுத்துங்கள். அரிசி கொட்டும்போது முதலில் பிரிவது அந்த இடம்தான். மூலைகளில் நூலைத் தொடாமல் துணியின் நுனியைச் சாய்வாக வெட்டிவிட்டு, பையை வெளிப்புறமாகத் திருப்புங்கள். மூலையைத் தள்ள மரக்கரண்டிக் காம்பு போதும். கத்தரிக்கோல் நுனியால் தள்ளினால் துணி கிழியும்.

வேகவைக்காத சாதாரண அரிசி 400 கிராம் எடுங்கள். உடனடியாகச் சமைக்கும் வகை அரிசி வேண்டாம். ஒரு தாளைக் கூம்பாகச் சுருட்டி வாயில் செருகி அரிசியைக் கொட்டுங்கள். பை முக்கால் பங்குக்குள் நிற்க வேண்டும். நிறைத்தால் செங்கல்போல ஆகும், கழுத்தின் வளைவுக்கு வளையாது. வாயின் ஓரங்களை 1 சென்டிமீட்டர் உள்ளே மடித்து, இரண்டு விளிம்பையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றி நெருக்கமாகத் தையுங்கள். பையைத் தட்டின் மேல் நன்றாக உலுக்கிப் பாருங்கள். ஒரு மணி விழுந்தாலும் அந்த இடத்தில் இன்னொரு வரிசை போடுங்கள்.

சூடாக்கும்போது இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மைக்ரோவேவில் சுத்தமான தட்டில் பையை வைத்து, பக்கத்தில் அரை டம்ளர் தண்ணீரும் வையுங்கள். முதலில் 1 நிமிடம். எடுத்துப் பிசைந்து, கன்னத்தில் அல்ல, மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள். போதாவிட்டால் 30 விநாடி. மொத்தம் 2 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், பக்கத்திலிருந்து நகரவும் வேண்டாம். உலர்ந்த அரிசியிலும் 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம்தான் சூடாகி, ஒத்தடத்தை வறட்சியில்லாமல் இதமாக வைக்கிறது. ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் அது குறையும். முழுக்க வறண்ட அரிசி கருகும், தீப்பிடிக்கவும் கூடும். அதனால் ஒரு முறை சூடாக்கியபின் முழுக்க ஆறினால்தான் மறுபடி சூடாக்க வேண்டும். கருகல் வாசனை வந்துவிட்டால் அந்த அரிசி குப்பைக்குத்தான். பழைய அரிசியைக் கொட்டிப் புதிது போட்டுத் தையுங்கள்.

கைக்குழந்தைக்கு இதைக் கொடுக்க வேண்டாம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் வேண்டாம். சுடுவதே தெரியாமல் புண்ணாகிவிடும். பையை வைத்துக்கொண்டு தூங்குவதும், சூடாக்கிய உடனே போர்வைக்கடியில் பொதிந்து வைப்பதும் கூடாது. சாதாரண ஓவனிலோ தோசைக்கல்லிலோ இந்தப் பையைச் சூடாக்காதீர்கள். தண்ணீரில் நனைக்கவும் கூடாது. அழுக்காகுமே என்று நினைத்தால் மேலே போட்டுக் கழற்றித் துவைக்க ஒரு பருத்தி உறை தைத்துக்கொள்ளலாம்.

ஆரஞ்சு வெளியே, சூப்பு அடுப்பில்

மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு துண்டின் நடுவைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இல்லாமல் தோல்போல விறைப்பாக இருந்தால் எடுத்துவிடலாம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். பிசுபிசுத்தால் இன்னொரு அரை மணி. எடுத்த துண்டுகளை அதே வலையில், சமையலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். சமையலறை வேண்டாம் என்பதற்குக் காரணம், இப்போது அங்கே சூப்பு ஆவி பறக்கப் போகிறது.

மூன்று நான்கு பேருக்கு அரைக் கிலோ கேரட், ஒரு பெரிய வெங்காயம், மூன்று பல் பூண்டு, கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது வெண்ணெய். கனமான அடியுள்ள பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயத்தோடு ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, மூடி வைத்துச் சிறு தீயில் 10 நிமிடம் விடுங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கும், அதிலேயே அது நிறம் மாறாமல் வெந்து இனிக்கும். இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள், சூப்பின் ருசி முக்கால்வாசி இங்கேதான் உருவாகிறது. பிறகு பூண்டும் இஞ்சியும் ஒரு நிமிடம். வில்லையாக நறுக்கிய கேரட்டைப் போட்டு 5 நிமிடம் புரட்டி, 700 மில்லி தண்ணீரும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து, கேரட் கரண்டியால் மசியும் வரை வேகவிடுங்கள். 20 முதல் 25 நிமிடம் ஆகும்.

சூடான சூப்பை மிக்ஸியில் நிறைத்து மூடி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும். கொஞ்சம் ஆறவிட்டு, ஜாரில் பாதி அளவு மட்டும் ஊற்றி, மூடியை ஒரு தடித்த துணியால் பிடித்துக்கொண்டு விட்டு விட்டு அரையுங்கள். அரைத்ததை மறுபடி அடுப்பில் ஏற்றி, கொதி வருமுன் இறக்கி, நான்காவது ஆரஞ்சின் சாறையும் எடுத்து வைத்த முனைகளின் சாறையும் பிழியுங்கள். சாறை முதலிலேயே ஊற்றினால் அதன் புளிப்பு கேரட்டை வேகவிடாது, வாசனையும் பறந்துவிடும். மிளகுத்தூள் தூவிக் குடிக்க வேண்டியதுதான். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

இரண்டு நாள் கழித்து, மாலை

துண்டுகளை மறுபடி தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருப்பதைத் தனியே எடுத்து ஓவனில் அரை மணி வையுங்கள். மாலையில் ஈரத் துண்டு ஒன்று இருந்தாலும் பக்கத்துத் துண்டும் கெடும். நன்றாக இருக்கும் 15 துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டரை மீட்டர் பருத்திச் சரடு, பெரிய காதுள்ள ஊசி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓட்டையில் கோத்தால் துண்டு பக்கவாட்டில் திரும்பி நிற்கும், வட்டம் தெரியாது. தோலுக்குச் சற்றுக் கீழே, ஊசியை முன்பக்கமாகக் குத்திப் பின்னால் எடுத்து, 2 சென்டிமீட்டர் தள்ளி மறுபடி முன்னால் கொண்டுவாருங்கள். அப்போது துண்டு முகம் காட்டித் தொங்கும். தோலை விட்டுச் சுளையில் மட்டும் குத்தினால் கிழியும் என்பதால், வெள்ளைத் தோலின் ஓரத்தையும் ஊசி பிடிக்கட்டும். துண்டுக்குத் துண்டு ஒரு சாண் இடைவெளி விட வேண்டாம், நான்கு விரல் போதும்.

பகல் வெளிச்சம் பின்னாலிருந்து வரும் ஜன்னலில் கட்டுங்கள், ஆனால் கண்ணாடியைத் தொடாமல். குளிரில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும், அந்த ஈரத்தை உலர்ந்த பழம் உடனே உறிஞ்சிக்கொள்ளும். மெழுகுவத்திக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் வேண்டாம். வெயில் பட்டுப் பட்டு நிறம் கொஞ்சம் கொஞ்சமாக அடர் பழுப்பாகும். எனக்கு அந்த நிறமும் பிடிக்கும். குளிர் முடிந்ததும் கழற்றி, தாளில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அடுத்த குளிருக்கு எடுக்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அப்படியே மாட்டிவிடலாம்.