கிராஃபிக் ஈக்வலைசர்: இணைப்பதிலும் சரிசெய்வதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண மண்டபங்களில் ஒலிபெருக்கிக் கருவிகள் அடுக்கியிருக்கும் மேசையைப் பார்த்தால், மிக்ஸருக்குப் பக்கத்தில் வரிசையான சிறு கைப்பிடிகளோடு ஒரு கிராஃபிக் ஈக்வலைசர் இருக்கும். ஒவ்வொரு கைப்பிடியும் ஓர் அதிர்வெண் பகுதியை ஏற்றும் அல்லது இறக்கும்; இடது ஓரம் தாழ்ந்த ஒலிக்கு, வலது ஓரம் உயர்ந்த ஒலிக்கு. பல இடங்களில் அந்தக் கைப்பிடிகள் இரு ஓரங்களிலும் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து நிற்கும். மேடையில் பேசுபவரின் குரல் காதை அடைக்கும் அளவுக்குக் கேட்டும் சொற்கள் புரியாமல் போவதற்கு அந்த வளைவு ஒரு முக்கியக் காரணம்.

ஒலியை அலங்கரிக்கும் கருவியாக ஈக்வலைசரை எண்ணுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. அறையும் ஸ்பீக்கரும் சேர்ந்து மிகையாக்கிவிட்ட அதிர்வெண்களை அடக்குவதே அதன் முதல் வேலை.

இணைப்பைப் பார்ப்போம். ஈக்வலைசர் ஒரு வோல்ட்டை ஒட்டிய லைன் அளவுச் சிக்னலில் இயங்குவது. ஆகவே அதன் இடம் மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையிலிருந்து கம்பி இழுத்து ஈக்வலைசருக்குக் கொடுத்தால் உள்ளீட்டுப் பகுதி கருகிப்போகலாம். மைக்கை நேராக அதில் செருகினால், சில மில்லிவோல்ட் மட்டுமே உள்ள சிக்னல் இரைச்சலில் மூழ்கிவிடும். லிமிட்டரும் (சிக்னல் அளவு மீறாமல் தடுப்பது) கிராஸ்ஓவரும் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனி ஸ்பீக்கர்களுக்குப் பிரிப்பது) இருக்கும் இடத்தில் மிக்ஸர், ஈக்வலைசர், லிமிட்டர், கிராஸ்ஓவர், ஆம்ப்ளிஃபயர் என்ற வரிசை நல்லது. லிமிட்டருக்குப் பின்னால் ஈக்வலைசரை வைத்தால், லிமிட்டர் கட்டுப்படுத்திய அளவை அது மீண்டும் உயர்த்திவிடும். ஸ்பீக்கருக்கு இருந்த காவல் போய்விடும்.

வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் அதன் டேப் மானிட்டர் துளைகளைப் பயன்படுத்தலாம். ரெக்கார்டு துளையிலிருந்து ஈக்வலைசரின் உள்ளீட்டுக்கும், ஈக்வலைசரின் வெளியீட்டிலிருந்து பிளே துளைக்கும் கம்பி போக வேண்டும். டேப் மானிட்டர் பொத்தானை அழுத்தாவிட்டால் கைப்பிடிகளை எவ்வளவு நகர்த்தினாலும் ஒலியில் மாற்றம் தெரியாது. கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

புதிதாக ஈக்வலைசரைச் சேர்த்ததும் 'ம்ம்' என்ற ரீங்காரம் கிளம்பினால், மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடுவது பலரின் வழக்கம். இந்த ஒரு தவறை யாரும், எந்த அவசரத்திலும் செய்யக்கூடாது. கருவிக்குள் மின்கசிவு ஏற்பட்டால், உலோக மைக்கைப் பிடித்திருக்கும் பாடகரின் உடல்தான் அந்த மின்சாரத்துக்கு வழியாகும். மிக்ஸர், ஈக்வலைசர், ஆம்ப்ளிஃபயர் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். பேலன்ஸ்டு கேபிள் (இரைச்சலைத் தவிர்க்க இரு சிக்னல் கம்பிகள் கொண்டது) பயன்படுத்துங்கள். அதிலும் தீராவிட்டால் சிக்னல் பாதையில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். 50 ஹெர்ட்ஸ் கைப்பிடியை இறக்கி ரீங்காரத்தை மறைக்க முயல்வதும் வீண். 100, 150 ஹெர்ட்ஸில் அதன் மடங்குகள் கேட்டுக்கொண்டே இருக்கும். இசையின் அடிநாதம்தான் குறையும்.

இனி அளவுக் கணக்கு. 3 டெசிபல் உயர்த்தினால் தேவைப்படும் சக்தி இரு மடங்காகும். 12 டெசிபலுக்குப் பதினாறு மடங்கு. ஓர் அதிர்வெண்ணுக்கு 20 வாட் போய்க்கொண்டிருந்த இடத்தில், கைப்பிடியை உச்சிக்குத் தள்ளியதும் ஆம்ப்ளிஃபயர் 320 வாட் தர வேண்டியிருக்கும். அதற்கு இயலாதபோது ஒலி உடையும், உயர்ந்த ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் எரியும். 'பாஸ் போதவில்லை' என்று 63 ஹெர்ட்ஸை ஏற்றுவதற்குப் பதில், மிகையாக இருக்கும் நடுப்பகுதியைச் சற்று இறக்கி மொத்த ஒலியைக் கூட்டுங்கள். கேட்பதற்கு ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். அடுத்தடுத்த மூன்று கைப்பிடிகளைச் சேர்த்து இறக்கினால் அவற்றின் விளைவு ஒன்றோடொன்று கூடும். முகப்பில் தெரிவதைவிட ஆழமான பள்ளம் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் சொன்ன வளைவுக்கு வருகிறேன். மெல்லிய ஒலியில் நம் காது தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாகக் கேட்பதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே இரவில் வீட்டில் மெதுவாகப் பாட்டுக் கேட்பவர் இரு ஓரங்களையும் சிறிது உயர்த்துவதில் நியாயம் இருக்கிறது. மண்டபத்தின் உரத்த ஒலியில் அந்த நியாயம் இல்லை. பேச்சுத் தெளிவைத் தரும் மெய்யெழுத்து ஒலிகள் பெரும்பாலும் 1 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. அந்த இடத்தைப் பள்ளமாக்கிவிட்டு 125, 250 ஹெர்ட்ஸை ஏற்றினால் 'கல்' என்றாரா 'பல்' என்றாரா என்பது கடைசி வரிசைக்குத் தெரியாது. வாழ்த்திப் பேச வந்த முதியவரின் பேச்சை இரைச்சலாக்கி அனுப்புவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

மைக் கூவுவதைத் தடுப்பதற்கு 31 கைப்பிடிகள் கொண்ட ஈக்வலைசர் பெரிதும் உதவும். நிகழ்ச்சிக்கு முன்பே எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, மைக்கை அதன் இடத்தில் நிறுத்தி, ஒலியை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். முதலில் கூவும் அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து 3 டெசிபல் இறக்குங்கள். கைபேசியில் உள்ள ஸ்பெக்ட்ரம் செயலி அந்த எண்ணைக் காட்டிவிடும். பிறகு அடுத்தது. நான்கைந்து இடங்களை இறக்கியும் கூவல் நிற்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பத்துக் கைப்பிடிகளை அடியில் தள்ளினால் கூவலோடு குரலும் போய்விடும். ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் இருந்து அதையே நோக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை முன்னால் நகர்த்துவது எந்தக் கைப்பிடியாலும் தர முடியாத பலனைத் தரும்.

அறையின் பள்ளங்களும் அப்படித்தான். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், அந்த அதிர்வெண்ணை எவ்வளவு ஏற்றினாலும் அங்கே கேட்காது. ஏற்றும் அளவுக்கு அழிவும் சேர்ந்தே கூடும். நாற்காலியையோ ஸ்பீக்கரையோ கொஞ்சம் நகர்த்துங்கள்.

மதியம் காலி மண்டபத்தில் சரிசெய்துவிட்டு இரவு முழுவதும் தொடாமல் இருப்பதும் தவறே. ஆட்கள் நிறைந்ததும் அவர்களின் உடலும் உடையும் உயர்ந்த அதிர்வெண்களை உறிஞ்சிக்கொள்ளும். தாழ்ந்தவை அவ்வளவாகக் குறைவதில்லை. காலி இடத்தில் கூர்மையாகக் கேட்கிறது என்று 4 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டியிருந்தால், கூட்டம் வந்தபின் ஒலி மந்தமாகிவிடும். முதல் பாட்டின்போது கடைசி வரிசை வரை நடந்து கேளுங்கள். பைபாஸ் பொத்தானை அழுத்தி, ஈக்வலைசருடனும் இல்லாமலும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் மொத்த ஒலியளவு சமமாக இருக்கட்டும். உரக்கக் கேட்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆம்ப்ளிஃபயரை முதலில் அணைத்துவிட்டுப் பிறகு ஈக்வலைசரை அணையுங்கள். போடும்போது ஆம்ப்ளிஃபயர் கடைசி. முறை மாறினால், ஈக்வலைசர் நிற்கும் கணத்தில் எழும் அதிர்ச்சி ஒலி முழு பலத்தோடு ஸ்பீக்கருக்குள் போகும்.