கள்ளு முட்டியிலிருந்து தொடங்குவோம்: பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரிக்குப் படிப்புத் திட்டம் போடும் முறை

போன வாரம் வடகரப்பதியிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரிக்கு அலாட்மென்ட் வந்திருக்கிறது. கையில் பிரின்ட் எடுத்த சிலபஸ், கட்டாக. "சித்தி, இதுல எதை எப்பப் படிக்கறதுன்னே புரியல. மைனர் வேற ரெண்டு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க" என்றாள். மைனர் என்றால் முதன்மைப் பாடத்தோடு (மேஜர்) கூடவே எடுக்கும் துணைப் பாடம். ஒரு சார்ட் தாளை விரித்து, இரண்டு மணி நேரத்தில் திட்டம் போட்டு முடித்தோம். அதே வேலையை உங்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பிள்ளைகளில் சிலர் பாலக்காட்டுக்கும் சிலர் கோவைக்கும் பஸ் ஏறுவதால், இரண்டு பக்கத்துக் கணக்கும் இதில் வரும்.

படி 1: எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறோம் என்று பாருங்கள்

கேரளத்தில் 2024-25 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறையில் இருக்கிறது. காலிகட் பல்கலைக்கழகக் கல்லூரி என்றால் மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியே வர 133 கிரெடிட் (தாளுக்கு இத்தனை என்று போடும் படிப்பு அளவு, மணிக் கணக்கு படி 5இல்), நான்காம் ஆண்டும் இருந்து ஆனர்ஸ் வாங்க 177 கிரெடிட். ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 விழுக்காடு இருக்க வேண்டும். அந்த மதிப்பெண் கணக்கு முதல் செமஸ்டரிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொண்டு ஏற்றிவிட முடியாது.

கோவைப் பக்கம் மூன்றாண்டுப் படிப்பு. மொழிப்பாடம், ஆங்கிலம், முதன்மைப் பாடம், அலைடு (துணைப் பாடம்) என்று பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். அங்கே தன்னாட்சிக் கல்லூரிகள் அதிகம். தாளின் பெயரும் வரிசையும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதனால் பக்கத்து வீட்டு அண்ணன் படித்த சிலபஸை நம்பாமல், உங்கள் கல்லூரியில் நீங்கள் சேரும் ஆண்டுக்கான சிலபஸையே வாங்குங்கள்.

இன்னொன்று. நம் பகுதிப் பிள்ளைகள் கேரளக் கல்லூரியில் சேரும் முன்பே, இரண்டாம் மொழியாகத் தமிழ் அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எல்லாக் கல்லூரியிலும் தமிழ் ஆசிரியர் இருக்க மாட்டார். மலையாளமோ இந்தியோ எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதற்கும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

படி 2: தாள்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளுங்கள்

மொத்தத் திட்டத்துக்கும் இதுதான் உயிர். சிலபஸ் புத்தகத்தில் தாள்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் அச்சாகியிருக்கும். எந்தத் தாள் எதன் தோளில் ஏறி நிற்கிறது என்பது அதில் தெரியாது. அதை நீங்கள்தான் கோடு போட்டு இணைக்க வேண்டும்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க, பாளையில் கட்டும் ஒரு கள்ளுப்பானை, அதாவது முட்டி போதும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் தெளுவு, அதாவது புளிக்காத இனிப்புப் பதநீர். தடவாத முட்டியில் இறக்கினால் கள். மரம் ஒன்றுதான், பாளையும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ் சர்க்கரை. யீஸ்ட்டிடம் இருக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி அதை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கிறது. குளுக்கோஸ் படிப்படியாகப் பைருவேட் ஆகி, கடைசியில் எத்தனாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது. நுரை பொங்குவது அந்த வாயுவால்தான். சுண்ணாம்பு சாற்றின் பிஎச்சை (அமில, காரத் தன்மையின் அளவு) ஏற்றிவிடுவதால் யீஸ்ட்டும் பாக்டீரியாவும் அங்கே பெருக முடிவதில்லை. தெளுவு தெளுவாகவே நிற்கிறது.

இப்போது சிலபஸைத் திருப்புங்கள். சுக்ரோஸ் என்றால் என்ன என்பது உயிர் மூலக்கூறுகள் தாளில் வரும். பிஎச், அதை மாறாமல் பிடித்து வைக்கும் பஃபர் கரைசல் எல்லாம் அதற்கும் முந்தைய அடிப்படைத் தாளில். இன்வர்டேஸ் நொதியியலில். குளுக்கோஸிலிருந்து பைருவேட் வரை போகும் பாதை வளர்சிதை மாற்றத்தில். யீஸ்ட் நுண்ணுயிரியலில். அந்த நொதியைச் செய்யும் குறிப்பு எந்த ஜீனில் இருக்கிறது என்பது மூலக்கூறு உயிரியலில். அரை டஜன் தாள்கள் ஒரு முட்டிக்குள் இருக்கின்றன.

இந்த வரிசையை வரலாறும் ஒப்புக்கொள்கிறது. 1897இல் எட்வர்ட் புக்னர், உயிருள்ள செல் இல்லாமலே யீஸ்ட்டைப் பிழிந்த சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார். 1907இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. 1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன் பிஎச் அளவுகோலைக் கொண்டுவந்தார். 1913இல் லியோனோர் மிக்கேலிஸும் மாட் மென்டனும் நொதியின் வேகத்துக்குச் சமன்பாடு எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட நொதி நம் கள்ளு முட்டியில் வேலை செய்யும் அதே இன்வர்டேஸ். பஃபர் போட்டு பிஎச்சைப் பிடித்து நிறுத்தியதால்தான் அவர்கள் அளவீடு நம்பும்படி வந்தது. பிஎச் புரியாமல் நொதியியல் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். நொதியியல் இல்லாமல் வளர்சிதை மாற்றத்துக்குப் போனால், குளுக்கோஸ் பைருவேட் ஆகும் பாதையான கிளைகாலிசிஸின் பத்துப் படிகளும் வெறும் மனப்பாடமாகிவிடும்.

சார்ட் தாளில் செமஸ்டருக்கு ஒரு கட்டம் போட்டு, தாள்களைப் பென்சிலால் எழுதி, இப்படி அம்புக்குறி போடுங்கள். எந்தத் தாளிலிருந்து அதிக அம்புகள் கிளம்புகின்றனவோ அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். எங்கள் சார்ட்டில் மூன்று வட்டம் விழுந்தது: அடிப்படை வேதியியல், உயிர் மூலக்கூறுகள், நொதியியல். அந்த மூன்றில் பாஸ் மார்க் எடுத்தால் போதும் என்று நினைக்கவே கூடாது.

படி 3: மைனர், அலைடு தேர்வு

கேரளத்தில் முதல் மூன்று செமஸ்டரிலும் மேஜரோடு இரண்டிரண்டு மைனர் தாள்கள் வரும். ஒன்று வேதியியலாக இருக்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கரிம வேதியியலின் செயல் தொகுதிகள் தெரியாமல் அமினோ அமிலங்களை எப்படிப் பார்த்தாலும் அவை படங்களாகத்தான் தெரியும்.

இரண்டாவதற்குப் பலரும் விலங்கியலையோ தாவரவியலையோ எடுப்பார்கள், பிளஸ் டூவில் பழகியதுதானே என்று. உங்கள் கல்லூரியில் புள்ளியியலோ கணினியோ இருந்தால் அதை எடுங்கள் என்பேன். உயிரியல் பகுதி மேஜருக்குள்ளேயே வேண்டிய அளவு வரும். தரவைக் கையாளும் பழக்கம் தானாக வராது. மருத்துவ ஆய்வக வேலைக்குப் போவதே குறி என்றால் மட்டும் நுண்ணுயிரியல்.

கோவைப் பக்கம் அலைடு பெரும்பாலும் கல்லூரியே தீர்மானித்திருக்கும். வேதியியல் எந்தச் செமஸ்டரில் முடிகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வகுப்பு தொடங்கும் முன் கணக்கைச் சரிசெய்யுங்கள்

இதை நான் செய்யவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு லாகரிதம் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் பஃபர் கணக்கு வந்தபோது ஒரு செமஸ்டர் முழுக்கத் தவித்தேன். பாடம் கடினம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு வராதது லாக் மட்டும்தான்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு கணக்கு. அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) 4.76. ஒரு கரைசலில் அமிலத்தைப் போல இரண்டு மடங்கு அசிடேட் இருந்தால் பிஎச் என்ன? ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாட்டின்படி 4.76உடன் லாக் 2ஐக் கூட்ட வேண்டும். லாக் 2 என்பது 0.30. விடை 5.06. இது புரிந்தால் நீங்கள் தயார். புரியாவிட்டால் விடுமுறையில் ஒரு வாரம் லாக், அடுக்குக்குறி, மோலாரிட்டி மூன்றையும் பிளஸ் ஒன் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் போதும்.

படி 5: கிரெடிட்டை மணி நேரமாக மாற்றுங்கள்

தியரியில் ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டருக்கு 15 மணி நேரம், பிராக்டிகலில் 30 மணி நேரம். 3 கிரெடிட் தியரியும் 1 கிரெடிட் பிராக்டிகலும் உள்ள தாள் என்றால் 45ம் 30ம் சேர்த்து 75 மணி. 15 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 5 மணி நேரம். அப்படி மூன்று தாள் இருந்தாலே வாரம் 15 மணி போய்விடும். மொழித்தாள்கள் தனி. இதற்கு மேல் பஸ். எனக்கு வேலந்தாவளம் வழியாகக் கோவை போய் வர தினமும் மூன்று மணி நேரம் ஆனது. வீட்டில் உட்கார்ந்து படிக்க வாரநாளில் ஒன்றரை மணிக்கு மேல் கிடைக்காது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு அட்டவணை போடுங்கள். அந்த ஒன்றரை மணியும் சிவப்பு வட்டத் தாளுக்குப் போகட்டும். மற்றவற்றுக்கு சனி, ஞாயிறு.

படி 6: ஆய்வகத்தைத் தனிப் பாடமாகவே நடத்துங்கள்

ரெக்கார்டு எழுதினால் பிராக்டிகல் முடிந்தது என்ற எண்ணம் நிறையப் பேரிடம் இருக்கிறது. முதல் ஆண்டிலேயே உங்கள் கை பழக வேண்டியது நீர்த்தலும், அளவு தெரிந்த கரைசல்களை வைத்துப் போடும் தரவரைபடமும் (ஸ்டாண்டர்ட் கிராஃப்).

பையூரெட் முறையில் புரதத்தை அளப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு தெரிந்த புரதக் கரைசலை ஐந்து குழாய்களில் ஏறுவரிசையில் எடுத்து, தண்ணீர் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே கன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பையூரெட் வினைப்பொருளைச் சேர்த்து, ஊதா நிறம் வந்ததும் அதன் அடர்த்தியைக் கருவியில் 540 நானோமீட்டரில் படிக்க வேண்டும். புரதம் இல்லாத குழாய்தான் பிளாங்க், கருவியைச் சுழியத்தில் வைக்க. புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் உங்கள் பிப்பெட் கை சரி. விழாவிட்டால் எந்தக் குழாயில் பிசகியது என்பதை அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும். தெரியாத மாதிரியின் அளவு கோட்டின் கடைசிப் புள்ளியைத் தாண்டிப் போய்விட்டால் கோட்டை நீட்டி வரையக் கூடாது, மாதிரியை நீர்த்து மறுபடி படிக்க வேண்டும். இந்த ஒரு சோதனை கைக்கு வந்தால், பிறகு ரத்தச் சர்க்கரையோ கொலஸ்ட்ராலோ எதுவானாலும் அதே அடிப்படைதான். புள்ளி சரியாக விழாத நாளின் அளவீட்டையும் அழிக்காமல் எழுதி வையுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

படி 7: மூன்று மொழிக் குறிப்பேடு

தமிழ் மீடியத்திலிருந்து வருபவர்களுக்கு முதல் செமஸ்டரில் பாடத்தை விட ஆங்கிலம்தான் பயம் காட்டும். நீளமான நோட்டு ஒன்றில் மூன்று பத்தி பிரியுங்கள். நொதி, என்சைம், பக்கத்து பெஞ்ச் தோழி சொல்லும் ராசாக்னி; மூன்றும் ஒன்றுதான். தாங்கல் கரைசல் என்று படித்தது பஃபர். வளர்சிதை மாற்றம் என்று படித்தது மெட்டபாலிசம். பள்ளியில் நீங்கள் இதையெல்லாம் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள், பெயர்தான் மாறியிருக்கிறது. நாளைக்குப் பத்துச் சொல் எழுதினால் ஓணப் பரீட்சைக்குள் பயம் போய்விடும்.

படி 8: கடைசிக் கட்டத்தை இப்போதே குறித்து வையுங்கள்

மூன்றாண்டில் வெளியே வந்து எம்.எஸ்ஸி. போக நினைப்பவர்கள், ஐந்தாம் செமஸ்டர் கட்டத்தில் 'ஜாம்' என்று எழுதுங்கள், அதாவது ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் நுழைவுத் தேர்வு (JAM). விண்ணப்பம் அந்தச் செமஸ்டரிலேயே வந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். பயோகெமிஸ்ட்ரிக்கென்று தனித்தாள் இல்லை. பயோடெக்னாலஜி தாளைத்தான் எழுத வேண்டும். அதில் உயிரியலோடு வேதியியல், கணிதம், இயற்பியலும் வரும். பிளஸ் டூ புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நான்காண்டு முடிப்பவர்கள், ஆறாம் செமஸ்டருக்குள் எந்த ஆசிரியரிடம் புராஜெக்ட் செய்யலாம் என்று பேசி வையுங்கள்.

அக்கா மகளின் சார்ட் இப்போது அவள் வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. எல்லாம் பென்சிலில்தான் இருக்கிறது, மூன்று சிவப்பு வட்டங்களைத் தவிர. மைனர் கட்டத்தில் புள்ளியியல் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறதா என்று திங்கட்கிழமை போய்க் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.