இரும்பு அடைத்த பி.எல்.ஜி.ஏ. நானோதுகள்: ஈரக்காற்று ஊரில் தயாரிக்கும் முறை

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. லாக்டிக், கிளைகாலிக் அமிலங்கள் கோத்த, உடலில் மெல்லச் சிதையும் பி.எல்.ஜி.ஏ. பாலிமருக்கு ஈரம் ஆகாது; சங்கிலி மெல்ல மெல்ல அறுபடும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த புட்டியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியபடியே டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரம்) ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்கவும். அதிலுள்ள நீல சிலிக்கா ஜெல் வெளிறி இளஞ்சிவப்பாகியிருந்தால், 120 டிகிரி ஓவனில் காயவைத்து நிறம் திரும்பிய பிறகே போடவும்.

இது புற்றுக்கட்டியை எம்.ஆர்.ஐ.யில் காட்டுவதற்கான துகள். ஆய்வகச் சோதனைக்கு மட்டும். எலிக்குச் செலுத்தவும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.

50:50 (இரண்டு அமிலமும் சம பங்கு) பி.எல்.ஜி.ஏ. 100 மி.கி.யை 4 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரைத்து, ஒலிக் அமிலப் பூச்சுள்ள இரும்பு ஆக்சைடு 10 மி.கி. சேர்க்கவும். பூச்சில்லாத தூள் அடியில் கருப்பாகப் படிந்துவிடும். அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. கண்ணாடிக் குப்பிதான், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள்தான். நைட்ரைல் கையுறையை இந்தக் கரைப்பான் சில நிமிடங்களிலேயே ஊடுருவும். பட்டால் உடனே மாற்றுங்கள்.

பாலிவினைல் ஆல்கஹால் 2 சதவீதக் கரைசல் 20 மி.லி. வேண்டும். தூளை வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும். குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கி, பிறகு 85 டிகிரிக்குச் சூடாக்கி, ஆறியதும் வடிகட்டவும்.

இரண்டையும் சேர்த்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்துப் புரோப் சோனிகேட்டரை (முனையின் ஒலியதிர்வால் துளிகளை நுணுக்கும் கருவி) 5 விநாடி ஓட்டி 5 விநாடி நிறுத்தி, ஓடும் நேரம் மொத்தம் 3 நிமிடம் வருமாறு செய்யவும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும். பனிக்கட்டி உருகினால் பாலிமர் திரண்டுபோகும். முனை மேலே நின்றால் நுரை தள்ளும், அடியைத் தொட்டால் உலோகத் துணுக்கு கலக்கும். சரியாக வந்தால் பால் கலந்த காப்பி நிறம். கரைப்பான் ஆவியாகிப் போக, ஹூடிலேயே மூடாமல் இரவு முழுக்கக் கலக்க விடுங்கள்.

சென்ட்ரிஃப்யூஜில் 12,000 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம், மூன்று முறை கழுவல். படிவு இறுகிப் பிரியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். துகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்க்கரையான ட்ரெஹலோஸ் 5 சதவீதம் சேர்த்து உறையவைத்து உலர்த்தவும். பாதியில் கரண்டு போய் குப்பிக்குள் பிசின்போல் சுருங்கியிருந்தால் அந்தத் தொகுதியைக் கழித்துவிடலாம்.

டி.எல்.எஸ். (ஒளிச்சிதறல் முறை) காட்டும் துகள் அளவு 200 நானோமீட்டருக்குள், பி.டி.ஐ. (அளவு எவ்வளவு சீரற்றது என்ற எண்) 0.2-க்குக் கீழ் இருக்கட்டும். பெரிய துகளைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். கட்டியின் ஓட்டை ரத்தநாளங்கள் வழியே பெருமூலக்கூறுகள் கசிந்து தங்குவதை மட்சுமுராவும் மயேடாவும் 1986-இல் காட்டினார்கள். ஆனால் எலிக்கட்டியில் தெரியும் அளவு மனிதக் கட்டியில் எப்போதும் தெரிவதில்லை. முடிவு எழுதும்போது அடக்கி வாசியுங்கள்.

ஸ்கேனுக்கு 1 சதவீதக் குறைவெப்ப அகரோஸில் இரும்பு 0, 0.05, 0.1, 0.2, 0.4 மில்லிமோலார் வருமாறு குழாய்கள் தயாரிக்கவும். போட்ட எடையை வைத்துக் கணக்கிடக் கூடாது. துகளுக்குள் உண்மையில் எவ்வளவு இரும்பு ஏறியது என்று ஐ.சி.பி.யில் (தனிமங்களை அளக்கும் கருவி) அளந்த எண்தான் கணக்கு. அகரோஸ் 40 டிகிரிக்கு இறங்கியபின் கலக்கவும். அதிகச் சூட்டில் பி.எல்.ஜி.ஏ. இளகும். உறையும் முன் குழாயை விரலால் சுண்டி, குமிழியை மேலே வரவிடுங்கள். ஒரு சின்னக் குமிழிகூடப் படத்தில் கரும்புள்ளியாக விழுந்து, துகளின் கருமை என்று ஏமாற்றும். ஸ்பின் எக்கோ என்ற எம்.ஆர்.ஐ. முறையில் பல எக்கோ நேரங்களில் எடுத்து, டி2-வைக் (சிக்னல் மங்கும் நேரம்) கண்டு, 1/டி2-வை இரும்புச் செறிவுக்கு எதிரே வரைந்தால் கோட்டின் சரிவுதான் ஆர்2, அதாவது துகள் எவ்வளவு வலுவாகச் சிக்னலை மங்கவைக்கிறது என்ற எண்.

ஸ்கேனருக்குத் திருவனந்தபுரம் கொண்டுபோவதானால் குழாய்களை நிமிர்த்தி, குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டியை ஒட்டாமல் வையுங்கள். ஜெல் உறைந்து உருகினால் நீர் பிரிந்துவிடும்; பிறகு புதிதாகத்தான் ஊற்ற வேண்டும்.